ப்ளஸ் ஆர் மைனஸ் ஒரு சென்டி

நாற்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தி கம்ப்யூட்டர் கடையில் போய் நின்று, துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுவதற்கு பாகங்களை வாங்கி ஒரு கம்ப்யூட்டர் சேர்க்க வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் முதலில் கேட்பது "பையன் என்ன படிக்கிறானுங்க?" என்பதைத்தான். எனக்குப் பையன் இல்லை, பெண்ணும் இல்லை. விளையாடப் போவது நான்தான் என்று மூன்று கடையில் உண்மையைச் சொன்னேன். மூன்று கடையிலும் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என்னைப் பற்றி வருத்தப்பட ஆரம்பித்தார்கள். நான்காவது கடையில் நானே முந்திக்கொண்டு, பையன் பத்தாவது படிக்கிறான், கணக்கில் மட்டும் கொஞ்சம் வீக் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு வேலை சுலபமாக நடந்தது.

பொய் எனக்குத் தொழில்முறையில் வருவது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினெட்டு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர் கேட்கிற பனியனை, அவர் கேட்ட அளவில், கேட்ட கலரில், கேட்ட தேதிக்குள் செய்து அனுப்ப வைக்கிற வேலை. நான் ஒரு தையலும் போடுவதில்லை. தைப்பவர்களைப் போனில் விரட்டுவேன், பையரைப் போனில் சமாதானப்படுத்துவேன். துணி சாயப்பட்டறையை விட்டே கிளம்பாத நாளிலும், "பேக்கிங் போயிட்டிருக்கு" என்று நாக்கு குழறாமல் சொல்லத் தெரியும். இதற்குத்தான் சம்பளம்.

துப்பாக்கிச் சண்டைக்கு நான் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை கல்யாணமாகி இங்கிலாந்து போய் மூன்று வருடம் ஆகிறது. அங்கே அவளுக்கும் ஓர் ஆபீஸில் வேலை. எனக்கும் அவளுக்கும் பதினோரு வயது வித்தியாசம். பாப்பா, பாப்பா என்று அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் என்பதால், அவளிடம் என்ன பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை. போன் போட்டால், சாப்பிட்டியா, குளிரா, மாப்பிள்ளை வேலைக்குப் போயிட்டாரா என்று மூன்று கேள்வி கேட்பேன். அவள் ஆமாம், ஆமாம், ஆமாம் என்பாள். அதற்குமேல் இரண்டு பேருமே மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். ஒருநாள் அவள்தான், அக்கா, போனில் பேசுவதற்குப் பதிலாக இந்த விளையாட்டை ஆடலாமா என்று கேட்டாள். ஆபீஸ் லேப்டாப்பில் அதை ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மதியம் இரண்டரை, அவளுக்குக் காலை பத்து. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஆடினோம். நான் முதல் ஒரு மாதம் சுவரைப் பார்த்துத்தான் சுட்டேன். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரமும் அவள் குரல் காதுக்குள் இருந்தது. "இடது பக்கம் வாக்கா, குனிஞ்சுக்கோ, ஐயோ அது நான்க்கா, என்னைச் சுடாதே" என்பதுதான் பேச்சு. அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஒன்றரை வருடம் இப்படி ஓடியது. பிறகு, அவளும் அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேரும் புதிதாக வரப்போகும் ஒரு விளையாட்டுக்கு மாறுவதாகச் சொன்னாள். நான்கு பேர் சேர்ந்து ஆட வேண்டியது. என் ஆபீஸ் லேப்டாப்பில் அதைத் திறக்கக்கூட முடியாதாம். "உனக்குச் சிரமம்னா விடுக்கா, நாங்க வேற ஆள் பார்த்துக்கறோம்" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டால் மறுபடி சாப்பிட்டியா, குளிரா என்றுதான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மறுநாள் திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கம்ப்யூட்டர் வாங்கப்போகிறேன், பட்டியல் அனுப்பு என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் பட்டியல் வந்தது. ப்ராசஸர், மற்றதெல்லாம் செருகப்படும் மதர்போர்டு, ராம், படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, எல்லாவற்றையும் உள்ளே வைக்கிற கேபினெட் என்று ஒவ்வொன்றுக்கும் நேராக மாடல் நம்பர், அதற்குக் கீழே அது ஏன், வேறொன்று ஏன் கூடாது என்று இரண்டு வரி விளக்கம். என் கம்பெனிக்கு வரும் பையர்கள் ஒருத்தர்கூட இத்தனை தெளிவாக ஆர்டர் கொடுத்ததில்லை. கடைசியில் ஒரு வரி: "அக்கா, இதில் எதையும் மாற்றாதே. மாற்றுவதென்றால் என்னைக் கேட்டுவிட்டு மாற்று."

இதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். யாரிடம் சொல்கிறாள்? போன வருடம்தான் ஒரு தையல் யூனிட்காரர், கேட்ட பட்டன் கிடைக்கவில்லை என்று அதே மாதிரி இன்னொரு பட்டனை வைத்துத் தைத்துவிட்டார். பையரிடம் அப்ரூவல் வாங்காமல் எதைத் தொட்டீர்கள் என்று அந்த மனிதரை அரை மணி நேரம் வறுத்தெடுத்தேன். அவர் என் அப்பா வயது. எனக்குப் போய் மாற்றாதே என்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

வாங்கும் விதத்திலேயே என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். எங்கள் ஊரில் யாரும் எதையும் ஒரே இடத்தில் செய்வதில்லை. நூல் ஒருத்தர், துணி ஓட்டுவது இன்னொருத்தர், சாயம் மூன்றாவது ஆள், தையல் நாலாவது ஆள் என்றுதான் ஒரு பனியனே உருவாகும். நானும் அப்படியே ப்ராசஸரை ஒரு கடையில், ராமை இன்னொரு கடையில், பவர் சப்ளையைக் கோயமுத்தூரில் என்று வாங்கினேன். ஒவ்வொரு கடைக்காரரிடமும் மற்ற கடைக்காரர் சொன்ன விலையைக் காட்டிப் பேரம் பேசினேன். ஒரு கடைக்காரர், ராமுக்கு சாம்பிள் பீஸ் கொடுப்பீர்களா என்று நான் வாய்தவறிக் கேட்டதற்கு, ரொம்ப மரியாதையாக, "இல்லீங்க, அப்படிக் கொடுக்கற வழக்கமில்லீங்க" என்றார்.

எல்லாம் பட்டியல்படியே வந்து சேர்ந்தன. சனிக்கிழமைக்குள் கிராபிக்ஸ் கார்டைத் தவிர மற்றதை மாட்டி, விளையாட்டையும் இறக்கி வைத்தாகிவிட்டது. மாட்டியவர் என் வீட்டுக்காரர். வீட்டின் கீழ்த்தளத்தில் பத்து தையல் மிஷின் போட்டு, மற்ற கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுக்கிறார். அவர் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தால் எந்த மிஷினும் சொன்னதைக் கேட்கும். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, படத்தில் இருப்பதைப் படித்துச் சொல்லி, அவர் ஏற்கெனவே சரியாகச் செய்து முடித்ததை இரண்டாம் முறை செய்ய வைத்தேன்.

கார்டுதான் பாக்கி. அதைப் பட்டியலில் இருந்தபடி வாங்க காதர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இந்த ஊருக்கு வந்து முதலில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்து வந்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்துவிட்டு, பிறகு கடை வைத்தவர். கேட்ட கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். வெள்ளை நிறம். என் கேபினெட்டும் வெள்ளை. நான் பையிலிருந்து கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

ஆமாம், கதவைக் கழற்றி ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். கலர் ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை.

இரண்டு வெள்ளையும் ஒத்துப்போகவில்லை. கதவு கொஞ்சம் நீலம் ஓடின வெள்ளை. கார்டு பால் வெள்ளை. கடைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வெள்ளைன்னா வெள்ளைதானக்கா? ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு" என்றார். செக்கிங்கில் இருந்தவர் இப்படிப் பேசியது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. டியூப் லைட்டில் தெரியாது, வெயிலில் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவரையும் கார்டையும் கதவையும் படியிறக்கி ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பனியன் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வடக்கத்திக்காரர் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். வெயிலில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அவரும் ஒத்துக்கொண்டார். வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை அவருக்கு.

இன்னொரு கம்பெனியின் கார்டு ஒன்று இருந்தது. அதே வேகம், அதே சக்தி, வெள்ளையும் கேபினெட்டின் வெள்ளையேதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பில் போடச் சொன்னேன். அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். என் பட்டியலில் இருந்த கேபினெட் மாடலைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது உங்க கேபினெட்டுக்குள்ள கொள்ளாது. எட்டு மில்லிமீட்டர் கூட இருக்கு."

"ஒரு சென்டி வரைக்கும் டாலரன்ஸ் உண்டுங்களே" என்றேன்.

பனியன் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பனியன் எழுபது சென்டி நீளம் என்று ஆர்டரில் இருந்தால், எழுபத்தொன்று இருந்தாலும் பாஸ், அறுபத்தொன்பது இருந்தாலும் பாஸ். துணி இழுத்தால் நீளும், துவைத்தால் சுருங்கும் என்பதால் ப்ளஸ் ஆர் மைனஸ் ஒரு சென்டியை உலகம் முழுக்க எல்லா பையர்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பதினெட்டு வருடமாக டேப்பைக் கையில் பிடித்தவுடன் என் வாயில் வருவது அதுதான். எட்டு மில்லி என்றதும் மனசு தானாகவே பாஸ் போட்டுவிட்டது. இரும்புத் தகடு துணி இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். இதில் வேடிக்கை, கடைக்காரருக்கும் ஞாபகம் வரவில்லை. டாலரன்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும், செக்கிங் மேஜையில் நின்ற பழக்கத்தில், "ஆங், ஒரு சென்டிக்குள்ளதான இருக்கு" என்று தலையாட்டிவிட்டு பில்லைக் கிழித்துக் கொடுத்தார். படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து எடுத்த முடிவு.

தங்கையைக் கேட்டுவிட்டு மாற்ற வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. வீடு வந்து சேர்ந்த பிறகு வந்தது. கலர்தானே மாறியிருக்கிறது, இதற்கெல்லாம் அவளைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டரைக்குப் புது விளையாட்டின் முதல் ஆட்டம். பதினொரு மணிக்குக் கார்டை உள்ளே வைத்தேன். அது போகவில்லை. வால் பக்கம் கேபினெட்டின் முன்தகட்டில் முட்டியது. சாய்த்து வைத்தேன், தலைகீழாக வைத்தேன், இரண்டு கையாலும் அழுத்தினேன். கார்டு சுருங்கவில்லை, கேபினெட் நீளவில்லை. டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். எட்டு மில்லி. கடைக்காரர் சொன்ன அளவு துல்லியமாக இருந்தது.

கடைக்குப் போன் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை லீவு, எடுக்கவில்லை. அதற்குள் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. அங்கே விடிந்து எழுந்தவுடன் அனுப்பியிருக்கிறாள். எல்லாம் ரெடியா என்று கேட்டிருந்தாள். ஃபைனல் செக்கிங் போயிட்டிருக்கு என்று என் விரல் தானாக அடித்தது. போட்டோ அனுப்பு என்றாள். கேபினெட்டை மூடி, முன்பக்கமாகத் திருப்பி, ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். கேபினெட்டுக்குள் லைட் எரியலையே என்று கேட்டாள். பகலில் தெரியாது என்று சொன்னேன். மணி ஒன்றரை ஆனது. இரண்டாவது பொய்யைக் காப்பாற்ற மூன்றாவதாக, கரண்ட் போய்விட்டது என்று அடித்துக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார்.

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "பையர்கிட்டச் சொல்றீங்க, அது பொழப்பு. பாப்பாகிட்டயுமா அம்மணி?" என்றார்.

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கீழே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. எட்டு மில்லிக்காக இல்லை. இரண்டரை மணிக்கு அவள் என்னைக் கூப்பிடுவாள், நான் இல்லை என்று தெரியும், அந்த நாலாவது இடத்துக்கு வேறு ஆள் வரும். அதற்கு மேல் எந்த ஞாயிற்றுக்கிழமையும் என்னைக் கூப்பிட அவளுக்குக் காரணம் இருக்காது. இதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. நாற்பத்தொரு வயதில், என்னை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களே என்று முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அடித்ததை அழித்துவிட்டு வீடியோ காலில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை ஒத்துப்போகாததை, ரோட்டில் நின்று பார்த்ததை, டாலரன்ஸை, மூடி வைத்து எடுத்த போட்டோவை. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. சோபாவில் கவிழ்ந்து சிரித்தாள். கதவை ஸ்கூட்டரில் கொண்டுபோனதை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். மூக்கு அறுபட்டதில் ஒரு சௌகரியம், அதற்குமேல் காப்பாற்ற ஒன்றுமில்லை.

"உன் சிநேகிதிகள் காத்திருப்பாங்களே" என்று கேட்டேன்.

"அவங்க வேற ஆளை வெச்சு ஆடட்டும். நீ போனை எங்கயாவது சாய்ச்சு வெச்சுட்டு வேலையைப் பாரு. நான் பார்த்துட்டிருக்கேன்."

வழியைக் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர்தான். கேபினெட்டுக்குள் போகாவிட்டால் வெளியே இருக்கட்டும் என்றார். "ஓவர்லாக் மிஷினையெல்லாம் மூடியைக் கழட்டிப் போட்டுத்தானுங்க நம்ம டெய்லருங்க ஓட்டறாங்க" என்று அதற்கு நியாயமும் சொன்னார். மாட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கீழே யூனிட்டில் அயர்ன் டேபிளைத் துடைத்து, அதன்மேல் மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியை வைத்து, பெட்டிமேல் மதர்போர்டை வைத்து, அதில் கார்டைச் செருகினோம். வெள்ளைக் கேபினெட்டைப் பக்கத்தில் நிறுத்தி, ஆன் பண்ணும் பட்டனின் வயரை மட்டும் அதிலிருந்து இழுத்து மாட்டினோம். ஊருக்கெல்லாம் பனியன் போட்டு அனுப்புகிற ஊரில், என் கம்ப்யூட்டர் மட்டும் வெற்று உடம்போடு அயர்ன் டேபிளில் கிடந்தது.

ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி மாட்டுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலே ஆயிற்று. போனைத் தையல் மிஷின்மேல் நூல்கண்டில் சாய்த்து வைத்திருந்தேன். அவள் அங்கே சப்பணமிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வயர் இல்லக்கா, பக்கத்தில் இருப்பது என்பாள். நடுவில் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். டீயை இந்த மாதிரிக் கறுக்கக் கொதிக்க வைக்க எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். அம்மாவின் முழங்கால் பற்றிப் பேசினோம். அவள் பக்கத்து வீட்டுக்காரி பூனை வளர்ப்பது பற்றி, குன்னத்தூர்ச் சித்தி மகன் கல்யாணத்தில் சாம்பார் பத்தாமல் போனது பற்றி எல்லாம் பேசினோம். கையில் வேலை இருந்ததால் எனக்குப் பேச்சு வந்தது போல.

வீட்டுக்காரர் பட்டனை அழுத்தினார். மூன்று விசிறியும் சுற்றின. திரையில் படம் வந்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கடைக்குப் போய் ஏதாவது சாப்பிட வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விளையாட்டைத் திறக்கவிட்டு, போனைத் திருப்பித் திரையைக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, நீ சொல்லிட்ட. நானும் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"எனக்கு வேலை போயிருச்சு. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அவருக்கு மட்டும்தான் தெரியும். ஊட்ல யாருக்கும் சொல்லலை."

நான் அந்த இரண்டு மாதமும் அவளிடம் ஆபீஸ் எப்படி என்று கேட்டிருக்கிறேன். ரொம்ப பிஸி என்று சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் அத்தனை விளக்கத்தோடு ஒரு பட்டியல் போட வேலை நாளில் அவளுக்கு எங்கிருந்து நேரம் வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. பகலெல்லாம் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு, நான் எதை வாங்கினால் சரியாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வெள்ளையில் நீலம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாகிட்ட சொல்லிராதக்கா" என்றாள்.

சொல்லமாட்டேன் என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலை மாற்றி, "சரி விடு. கேம் திறந்துருச்சு பாரு. ஹெட்போனை மாட்டு, வா, ரெண்டு பேரும் ஆடலாம்" என்றாள்.

திரையிலிருந்து விளையாட்டின் பாட்டுச் சத்தம் கேட்டது. ஸ்டூலைத் திரையிலிருந்து தள்ளிப் போட்டு, போனுக்கு நேராக உட்கார்ந்தேன்.

"அது ஓடிட்டுக் கெடக்கட்டும்" என்றேன். "மொதல்ல இருந்து சொல்லு பாப்பா."